பழைய ஆர்எக்ஸ் 100: வாங்கும்போதும் தேற்றும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1980-களின் தொடக்கத்தில் ஹோண்டா, யமஹா, சுஸுகி, கவாசாகி நான்கும் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ பைக்கை ஆளுக்கொன்றாக விட்டுப் பார்த்தன. சில ஆண்டுகளிலேயே நான்கும் அதைக் கைவிட்டன. நம் சாலைகளில் வேகத்துக்குப் பேர் வாங்கியது 1985-இல் எஸ்கார்ட்ஸ் கூட்டில் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 11 குதிரைத்திறன், நூறு கிலோவுக்குச் சற்று மேலான எடை. டர்போ இல்லாமலே திருகினால் பாய்கிற வண்டி. 1996-இல் தயாரிப்பு நின்றது. ஆக, இருப்பதிலேயே இளைய வண்டிக்குக்கூட கிட்டத்தட்ட முப்பது வயது. இருந்தும் காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதிப் பக்கம் நல்ல ஆர்எக்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது என்றால் சேதி அன்றைக்கே ஊர் சுற்றிவிடும். லட்சம் கேட்பவர்களும் உண்டு, பேரம் பேசாமல் கொடுப்பவர்களும் உண்டு.

வாங்கியவர்கள் பெரும்பாலும் பெயிண்டிலும் குரோமிலும் பணத்தைப் போடுகிறார்கள். பணத்தைத் தின்பதோ வேறு இரண்டு இடங்கள்: ஆர்.சி. புத்தகமும் கிராங்க் கேஸும் (கிராங்க் சுழலும் எஞ்சின் அடிப்பெட்டி).

பேப்பர் அப்புறம் பார்க்கலாம் என்பது

செட்டிநாட்டில் இந்த வண்டிகள் வெளியே வரும் வழியே தனி. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ கோட்டையூரிலோ பூட்டிக் கிடக்கும் வீட்டின் ஷெட்டில் பத்துப் பதினைந்து வருடமாக ஒரு வண்டி நிற்கும். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள், அல்லது சிங்கப்பூரில். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று வீடு திறக்கும்போது யாராவது கேட்பார்கள். “எங்க அப்பச்சி ஓட்டின வண்டி, எடுத்துக்கங்க தம்பி” என்று ஆச்சி மனதாரச் சொல்லிவிடுவார். அவர் சொன்னால் போதும் என்று சாவியோடு கிளம்பிவிடக் கூடாது. ஆர்.சி.யில் இருப்பது அப்பச்சியின் பெயர். அவர் காலமாகிவிட்டார் என்றால் பெயர் மாற்றும் ஃபாரம் 29-இலும் 30-இலும் கையெழுத்துப் போட ஆள் இல்லை. முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு ஃபாரம் 31 மூலம் வண்டி மாற வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். இறந்து மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய வேலை இது. ஒரு வாரிசு மதுரையில், ஒருவர் மலேசியாவில் என்றால் எத்தனை நாள் இழுக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

புரோக்கரிடம் வாங்கினால் சிக்கல் வேறு மாதிரி. “ஓனர் ஏற்கெனவே ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டார்ணே” என்று நான்கு கை மாறிய வெற்றுத் தாளை நீட்டுவார்கள். அந்த ஓனரை ஃபோனிலாவது பிடித்துப் பேசாமல் பணம் கொடுக்காதீர்கள். விற்பவரும் இதில் கவனமாக இருக்க வேண்டும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே விபத்து நடந்தால் இழப்பீட்டுக் கேள்வி பழைய ஓனர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். வாங்குபவருக்குப் பெயர் மாற்ற 30 நாள்தான் கெடு.

பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். பல பழைய வண்டிகள் கணினிப் பதிவிலேயே ஏறியிருக்காது. 1989-க்கு முந்தைய பதிவு எண் என்றால் இதற்கு வாய்ப்பு அதிகம். அரசின் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டு ஒன்றும் வரவில்லை என்றால், ஆர்.டி.ஓ. ஆபீஸில் பேக்லாக் என்ட்ரி (பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது) போடாமல் வேறு எந்த வேலையும் நகராது. இதை விலை பேசும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

அடுத்து எண்கள். சேசிஸ் எண் ஹேண்டில் கழுத்தில் இருக்கும், எஞ்சின் எண் கிராங்க் கேஸில். ஒரு வெள்ளைத்தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால் எண் தாளில் வந்துவிடும். எழுத்துகள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா, சுற்றி அரம் வைத்துத் தேய்த்த தடம் தெரிகிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். கிராங்க் கேஸ் உடைந்து வேறு வண்டியுடையதை மாட்டியிருந்தால் எண் பொருந்தாது. அந்த வண்டியை எவ்வளவு அழகாகத் தேற்றினாலும் உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது.

சூடான எஞ்சினை நம்புவது

பார்க்கப் போன இடத்தில் முதல் வேலையாக எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் நீங்கள் வரும் முன்பே யாரோ உதைத்து ஓடவிட்டிருக்கிறார்கள். அது ஆறும் வரை டீ குடித்துவிட்டு வாருங்கள். குளிர்ந்திருக்கும் எஞ்சின்தான் உண்மை பேசும்.

டூ ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், அங்கே அமுங்கி, பிறகுதான் சிலிண்டருக்கு ஏறும். அதனால் கிராங்க் கேஸ் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். அதைக் காப்பது கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் இந்த ரப்பர் இறுகிப் போயிருக்கும். மேக்னெட் பக்கச் சீல் போனால் வெளிக்காற்றை இழுக்கும். கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறி, கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும். ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்சம் புகை வருவது டூ ஸ்ட்ரோக்கின் இயல்பு. பத்து நிமிடம் ஓடியும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, கியர் ஆயிலும் குறைகிறது என்றால் சீலைச் சந்தேகப்படலாம். சீலின் விலை சொற்பம். ஆனால் உள்ளே பேரிங்கும் ஆடினால் கிராங்கைப் பிரித்து, பிரஸ்ஸில் அழுத்தி மறுபடி பொருத்தும் செலவு வரும். அதை விலையில் கழிக்காமல் வாங்கக் கூடாது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். இளம் பழுப்பு நல்லது. பால் வெள்ளை என்றால் எங்கோ காற்று அதிகம் புகுகிறது. கரியும் ஈரமுமாக இருந்தால் ஆயிலோ பெட்ரோலோ கூடுதலாகப் போகிறது.

ஆயில் பம்பைப் பற்றிக் கேட்காமல் விடுவது

மேலே சொன்னவற்றைவிட இதுதான் அதிக பிஸ்டன்களைக் காவு வாங்குகிறது. இந்த வண்டிக்கு 2டி ஆயிலுக்கு (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) தனி டேங்க்கும், திருகும் அளவுக்கு ஏற்ப ஆயில் விடும் ஆட்டோலூப் பம்பும் கம்பெனியிலேயே உண்டு. பல மெக்கானிக்குகள் பம்பை எடுத்துவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயில் கலக்கச் சொல்லிவிடுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஆயில் டேங்க் மட்டும் அதே இடத்தில் பாதி ஆயிலோடு அப்படியே உட்கார்ந்திருக்கும். புதிதாக வாங்கியவர் அதைப் பார்த்துவிட்டு, ஆயில் இருக்கிறது என்று வெறும் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு திருமயம் ரோட்டில் முறுக்குவார். சிலிண்டர் வறண்டு வண்டி நடுரோட்டில் கடக்கென்று நின்றுவிடும்.

எனவே சாவி வாங்கும்போதே கேளுங்கள்: “பம்ப் ஓடுதா, இல்ல கலந்து ஊத்துறீங்களா?” பதில் தெளிவாக வரவில்லை என்றால், பம்ப் இருக்கிறதா என்று பார்க்கும் வரை லிட்டருக்கு 30 மில்லி கலந்தே ஊற்றுங்கள். புகை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பம்ப் இருந்தாலும், ஆயில் டேங்க் காலியாகி மறுபடி நிரப்பியிருந்தால் குழாயில் காற்றுக் குமிழி நிற்கும். பம்பில் உள்ள சிறு திருகைத் தளர்த்தி, குமிழி போய் ஆயில் மட்டும் வரும்வரை விட வேண்டும்.

சத்தத்துக்காக சைலன்சரைக் குடைவது

டர்போ வண்டியில் காற்றைத் திணிக்கத் தனிச் சக்கரம் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் ஏறக்குறைய அந்த வேலையைச் செய்வது சைலன்சர்தான். எரிந்த புகை வெளியேறும்போது கூடவே கொஞ்சம் புதுக் கலவையும் தப்பி ஓடும். சைலன்சரின் வயிறு விரிந்து சுருங்கும் வடிவத்தால் திரும்பும் அழுத்த அலை, அந்தக் கலவையைப் புகைப் போர்ட் (சிலிண்டரில் புகை வெளியேறும் துளை) மூடும் முன் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். நீளமும் வயிறும் இந்த எஞ்சினுக்கென்று அளந்து செய்தவை. உள்குழாயை உருவி எடுத்தால் சத்தம் கூடும், இழுவை குறையும். கூடவே ஏர் ஃபில்டரையும் கழற்றிவிட்டு கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) மாற்றாமல் ஓட்டினால் மறுபடி அந்த வெள்ளை பிளக்தான். ஆர்எக்ஸ் 135-இன் பெரிய சிலிண்டரை (135 பிளாக்) ஏற்றினால் வேகம் வரும் என்பது உண்மை. ஆனால் ஆர்.சி.யில் உள்ள சிசியும் வண்டியில் உள்ள சிசியும் வேறாகிவிடும், சட்டப்படி அது குற்றம்.

வண்டி இழுக்கவில்லை என்றால் போர் போடச் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) சொல்லும் முன் சிலிண்டரின் புகைப் போர்ட்டையும் சைலன்சர் குழாயையும் கழற்றிப் பாருங்கள். பல வருடக் கரி கெட்டியாகப் படிந்து வழி பாதியாகியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்தாலே பழைய இழுவை வருவதுண்டு. ஒவ்வொரு போருக்கும் சிலிண்டரின் ஆயுள் குறையும் என்பதை மறக்கக் கூடாது. 50 மி.மீ.-இல் தொடங்கி கால் மி.மீ. கால் மி.மீ. ஆகப் பெரிதாக்க முடியும், ஆனால் சில தடவைதான்.

பளபளப்புக்காக அசலைத் தூக்கிப் போடுவது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்கிப் பழகியவர்கள் எனாமல் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைத்தான் முதலில் பார்ப்பார்கள். வண்டியிலும் அந்தக் கண் வேண்டும். லேசாக நிறம் மங்கிய கம்பெனி டேங்க்கும், கீறல் விழுந்த அசல் மீட்டரும், புதிதாக வாங்கும் டூப்ளிகேட்டைவிட மதிப்புள்ளவை. கழற்றியதை மெக்கானிக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

டேங்க்கின் வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம் முக்கியம். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். துருவை, அதாவது அரிமானத்தை, ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நம் காரைக்குடியிலேயே இருக்கிறது, ஆனாலும் டேங்க்கில் ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டு அப்படியே வெயிலில் காயவைப்பவர்கள் இங்கே நிறைய. ஆசிடின் மிச்சத்தை சோடா உப்புத் தண்ணீரால் போக்கி, உடனே துடைத்து, உள்ளே கொஞ்சம் ஆயில் சுழற்றி விடாவிட்டால் அன்று சாயங்காலமே புதுத் துரு பூத்துவிடும்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊறவைக்கும். வண்டியைத் திருவிழாவுக்கு மட்டும் எடுப்பவர் என்றால், நிறுத்தும் முன் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு அணையுங்கள். பெட்ரோல் குழாயையும் சீல்களையும் வாங்கிய வாரமே மாற்றிவிடுவது நல்லது. புதுப் போர் போட்டிருந்தால் முதல் 500 கிலோமீட்டருக்கு முழுதாகத் திருகாதீர்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வரை ஒரே சீராக இழுக்காமல், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். பின்னால் உட்கார ஆசைப்படும் மச்சானை அதுவரை பஸ்ஸில் வரச் சொல்லலாம்.