செயலியிடமும் ‘டீக் ஹை’ சொல்லாதீர்கள்: பேச்சு சிகிச்சைக்குப் போகும் முன்னாள் படைவீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் வந்தால் இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் என் வீட்டுத் திண்ணையில் ஆள் சேர்ந்துவிடும். ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றை, படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஏற்றிக் கொடுப்பேன். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் சான்று வேலை முடிந்த பிறகும் சிலர் எழுந்து போக மாட்டார்கள். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்று மெல்லத் தொடங்குவார்கள். நான் மருத்துவன் அல்லன். சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போவேன், போனில் செயலி ஏற்றித் தருவேன், அவ்வளவுதான். அப்படிப் போய்வந்ததில் கண்ணால் பார்த்த தவறுகளையே இங்கே எழுதுகிறேன்.

பக்கத்து ஊரான மண்டபத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மனநல ஆலோசகரிடம் பேச்சு சிகிச்சைக்குப் போகிறார். இடைப்பட்ட நாட்களில் மனநிலையைக் குறித்துவரும்படி ஆலோசகர் ஒரு செயலியைச் சொல்லியிருந்தார். தினமும் இரவு ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணை அழுத்த வேண்டும், ஐந்து என்றால் நன்றாக இருக்கிறேன் என்று பொருள். ஒரு மாதம் கழித்து நானும் துணைக்குப் போயிருந்தேன். ஆலோசகர் வரைபடத்தைத் திறந்தார். முப்பது நாளும் ஐந்து. காற்றில்லாத நாளில் பாக் ஜலசந்தி கிடப்பதுபோல ஒரே கோடு. அவர் ஒன்றும் சொல்லாமல் மதினியைப் பார்த்தார். “இந்த மாதம் ஒரு நாள்கூட இவர் விடியும்வரை தூங்கவில்லை சார். மூன்று மணிக்கெல்லாம் எழுந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்றார் மதினி.

அண்ணன் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பட்டாளத்தில் எப்படி இருக்கிறாய் என்று மேலதிகாரி கேட்டால் ஒரே பதில்தான்: “டீக் ஹை, சாப்.” நன்றாக இருக்கிறேன் ஐயா என்று இந்தியில் பொருள். காய்ச்சலிலும் அதுதான், வீட்டில் சாவு விழுந்த சேதி வந்த அன்றும் அதுதான். அந்தப் பழக்கத்தோடு செயலி கேட்கும் கேள்விக்கும் விரல் தானாக ஐந்துக்குப் போகிறது. நான் பார்த்ததில் இதுதான் மிகப் பெரிய தவறு, மிகப் பரவலான தவறும்கூட. திட்டினால் திருந்தாது. கேள்வியை மாற்ற வேண்டும். அன்று ஆலோசகர் எண்ணை விட்டுவிட்டு, குறிப்பு எழுதும் பகுதியை மட்டும் பயன்படுத்தச் சொன்னார். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எதற்காக எழுந்தீர்கள், யாரோடு பேசினீர்கள், எத்தனை பெக் குடித்தீர்கள். சென்ட்ரி டியூட்டியில் பதிவேடு எழுதிய கைக்கு இது சுலபம். அடுத்த முறை அண்ணனின் போனில் இப்படி இருந்தது: “2.50 எழுந்தேன். கேட் பூட்டு இரண்டு முறை பார்த்தேன். நாய் குரைத்தது. 4.30 வரை உட்கார்ந்திருந்தேன்.” அன்றுதான் அந்த அறையில் உண்மையான பேச்சு தொடங்கியது.

பெக் கணக்கை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. கேன்டீன் கோட்டா ரம்மைக் குடி என்றே அவர்கள் எண்ணுவதில்லை. இரவு இரண்டு பெக், விடியற்காலை விழிப்பு, மறுநாள் எரிச்சல் என்று மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தால்தான் ஆலோசகருக்கு ஒரு முடிச்சு அவிழும்.

செயலி எதற்கு என்பதில் குழப்பம் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து மாற்றும் பேச்சு சிகிச்சையை 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வளர்த்தெடுத்தார். அந்த முறையில் வீட்டுப்பாடம் உண்டு. ஆலோசகரின் அறையில் இருப்பது முக்கால் மணி நேரம், மீதி இரண்டு வாரமும் வீட்டில்தான். அந்த நாட்களில் செய்ய வேண்டிய பயிற்சியையும் குறிப்பையும் தாங்குகிற ஒரு பை போன்றது செயலி. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனப் பாதிப்புக்காக (பி.டி.எஸ்.டி.) 2011இல் வெளியிட்ட ‘பி.டி.எஸ்.டி. கோச்’ செயலிக்குக் காசு இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். அதைச் செய்தவர்களே இது சிகிச்சைக்கு மாற்று அல்ல என்று சொல்கிறார்கள்.

நம் கரையில் ஆட்கள் செயலியோடு நின்றுவிடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மனநலம் என்றாலே இங்கே ஏர்வாடிதான் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி இறந்துபோனார்கள். சங்கிலியை நினைக்கும் மனிதர் மருத்துவமனைப் படி ஏறத் தயங்குவார், போனில் ஒரு செயலி போதும் என்று எண்ணுவார். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செயலி மட்டும் என்றால் அது நீடிப்பதில்லை. 93 மனநலச் செயலிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், பதினைந்தாம் நாளில் அவற்றைத் திறந்து பார்த்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அடுத்த வாரம் இதைப் பார்க்க ஓர் ஆள் காத்திருக்கிறார் என்றால்தான் நாம் எழுதுவோம். அரட்டைச் செயலியையே ஆலோசகராக வைத்துக்கொள்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2017இல் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட ‘வோபாட்’ செயலி 2025 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. ஆலோசகர் ஊர் மாறிப் போனால் உங்கள் கோப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை உள்ளவர்கள் பாலிகிளினிக்கில் சொல்லிப் பரிந்துரை வாங்கலாம். சிகிச்சைக்குப் போவதால் உழைத்து வாங்கிய ஓய்வூதியம் நின்றுவிடாது. நீங்கள் பேசியதை ரகசியமாக வைத்திருப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை தருபவரின் கடமை.

அடுத்தது மூச்சுப் பயிற்சி. பார்க்க நல்லதாகத் தெரிவதால் இந்தத் தவறு லேசில் பிடிபடாது. தேவிபட்டினம் பக்கம் ஒரு தம்பி, காஷ்மீரில் இருந்துவிட்டு வந்தவன். கோவில் வேட்டுச் சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் வியர்த்து வீட்டுக்குள் ஓடிவிடுவான். ஆலோசகர் அவனுக்குப் படிப்படியாக ஒரு ஏணி போட்டுக் கொடுத்தார். முதலில் வேட்டுச் சத்தத்தைப் போனில் மெதுவாகக் கேட்பது, பிறகு சத்தத்தைக் கூட்டுவது, பிறகு தெருக்கோடியில் நிற்பது, கடைசியில் கோவில் வாசல். நான்கு வாரம் ஆகியும் பயம் இம்மியும் குறையவில்லை. துருவிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. நெஞ்சு துடிக்கத் தொடங்கிய அந்தக் கணமே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, செயலியில் வட்டம் விரிந்து சுருங்குவதைப் பார்த்து மூச்சு விட்டிருக்கிறான்.

பதற்றம் அலைபோல ஏறும், உச்சிக்குப் போகும், நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் தானாக இறங்கும். அது தானாக இறங்குகிறது என்பதை உடம்பு அனுபவித்துக் கற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பயிற்சி. ஒவ்வொரு முறையும் பாதியில் போனை எடுத்தால், போன்தான் காப்பாற்றியது என்று உடம்பு கற்றுக்கொள்ளும். செயலி தாயத்தாகிவிடும். சார்ஜ் இறங்கிய அன்று பயம் இரட்டிப்பாகும். படுக்கப்போகும்முன், கோபம் தலைக்கேறும்போது, மூச்சுப் பயிற்சியைத் தாராளமாகச் செய்யுங்கள். பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சியின்போது மட்டும் அது வேண்டுமா, வேண்டாமா என்று ஆலோசகரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இப்போது அந்தத் தம்பி போனை வீட்டில் வைத்துவிட்டுத் தெருக்கோடிவரை போகிறான். கோவில் வாசல் இன்னும் பாக்கி.

தூக்கச் செயலிகளில் ஓர் எச்சரிக்கை. தூக்கமின்மைக்கான பேச்சு சிகிச்சையில், படுக்கையில் இருக்கும் நேரத்தைச் சில வாரங்களுக்குக் குறைப்பது ஒரு முறை. ‘சி.பி.டி.-ஐ கோச்’ போன்ற செயலிகள் இதற்குத் துணை செய்கின்றன. ஆளில்லாமல் தானாகச் செய்தால் பகலில் கண் சொருகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டுகிறவரும், இரவில் ஏ.டி.எம். காவலுக்குப் போகிறவரும் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. நினைவூட்டல் மணியையும் உங்கள் வேலைக்குத் தக்கபடி வையுங்கள். இரவுக் காவலுக்குப் போய்விட்டு வந்து தூங்குகிற மனிதரைக் காலை எட்டு மணிக்கு எழுப்பி “உங்கள் மனநிலை எப்படி?” என்று கேட்கும் செயலி மூன்றாம் நாளே அழிக்கப்படும்.

மதிப்பெண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதும் தவறு. பல செயலிகளில் இருக்கும், மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். அது கேட்பது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. அதைத் தினமும் நிரப்பி, நேற்று 11, இன்று 13 என்று கலங்குவதில் பொருளில்லை. எண் குறைந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஒன்பதாவது கேள்வி மட்டும் தனி. செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்று அது கேட்கும். அதற்கு ‘இல்லவே இல்லை’ தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். அன்றே ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மொழி விஷயத்தில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. நல்ல செயலிகள் பலவும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பட்டாளத்து இந்தியில் உத்தரவு வாங்கலாம், ரேஷன் கேட்கலாம். “மனசு கல்லாகக் கனக்கிறது”, “ஒன்றிலும் பிடிப்பில்லை” என்பதெல்லாம் தமிழில்தான் வரும். செயலி தரும் ஆங்கிலச் சொற்களில் ஏதோ ஒன்றைக் குத்துமதிப்பாக அழுத்துவதைவிட, போனில் குரல் பதிவைத் திறந்து இரண்டு நிமிடம் உங்கள் பேச்சில் பேசி வையுங்கள். ஆலோசகரிடம் அதைப் போட்டுக் காட்டினால் போதும்.

ஆனால் அந்தப் போன் யார் யார் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள். பேரன் விளையாட வாங்குவான், மருமகன் பணம் அனுப்ப வாங்குவான். செயலிக்குத் தனிப் பூட்டு போடுங்கள். மனநிலை வரைபடத்தைப் படம் பிடித்து பேட்ச்மேட் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தொடர்பு எண்கள், இருப்பிடம் என்று செயலி கேட்பதற்கெல்லாம் அனுமதி கொடுக்காதீர்கள். பயனாளர்களின் மனநலத் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக இணையவழி ஆலோசனை தரும் ‘பெட்டர்ஹெல்ப்’ நிறுவனத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்தது. நிறுவனம் 78 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று.

இதைப் படித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். அமெரிக்கப் படைவீரர்களுக்காகச் செய்த செயலிகளில் ‘நெருக்கடி உதவி’ என்ற பொத்தான் இருக்கும். அது அமெரிக்காவின் 988 எண்ணுக்குப் போகும். மண்டபத்தில் நள்ளிரவில் அதை அழுத்தினால் யாரும் எடுக்கப் போவதில்லை. நம் நாட்டில் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய அரசு மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. செயலியில் உங்கள் துணைக்கான ஆட்களைச் சேர்க்கும் இடத்தில் மனைவி அல்லது மகன், நம்பிக்கையான ஒரு பேட்ச்மேட், பிறகு 14416 என்று பதிந்து வையுங்கள். செயலியில் இடமில்லை என்றால் போனின் முகப்பிலேயே வையுங்கள். பதிந்த பிறகு பேட்ச்மேட்டின் எண்ணை ஒருமுறை அழுத்தி, மணி அடிக்கிறதா என்று பாருங்கள். அவர் எடுத்தால், எதற்காக அவர் பெயரை அங்கே வைத்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.