சங்கீதம் 23 மனப்பாடம்: பல்லாவரத்திலிருந்து கிண்டிக்குள் ஆறு வசனம்

சின்ன வயதில் சண்டே கிளாஸ் வசனப் போட்டியில் நான் பரிசு வாங்காத வருடம் குறைவு. மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். மேடையை விட்டு இறங்கும்போதே பாதி போயிருக்கும்.

அதன் விலை பல வருடம் கழித்து ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தெரிந்தது. அம்மா உள்ளே. இரவு இரண்டு மணி, போனில் சார்ஜ் இல்லை, கையில் வேதாகமமும் இல்லை. எதிர் பெஞ்சில் ஒரு பெரியம்மா. அவர் வீட்டுக்காரரும் உள்ளேதான். “ஒரு வசனம் சொல்லுங்க தம்பி, ஜெபம் பண்ணலாம்” என்றார். “நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்” என்று வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் வரும் 23-ஆம் சங்கீதத்தின் நாலாம் வசனத்தை ஆரம்பித்தேன். மேலே ஓடவில்லை. அவரே முடித்துவைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதும், எல்லாம் சபையில் காதால் கேட்டு வாயால் சொல்லிப் பழகியது என்பதும் அப்புறம் பேசும்போது தெரிந்தது.

நான் பார்த்துப் பார்த்துப் படித்தவன், அவர் பார்க்காமல் சொல்லிப் பழகியவர். வித்தியாசம் அவ்வளவுதான். கீழே இருப்பது அவர் வழிதான், என் ரயில் பயணத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

முதல் படி: ஒரே மொழிபெயர்ப்பு

“கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்பது பழைய திருப்புதல், அதாவது புராட்டஸ்டன்ட் சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் திருவிவிலியத்தில் “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை” என்று வரும். இரண்டும் அழகு. ஆனால் இரண்டையும் கலந்து படித்தால் நடுவில் கால் இடறும். உங்கள் சபையில் எதை வாசிக்கிறார்களோ அதையே எடுங்கள், ஞாயிறுதோறும் காதில் விழும். பழைய திருப்புதலின் தமிழ் முதலில் கரடுமுரடாக இருக்கும். ஆனால் அந்த விநோதமான சொற்கள்தான் மனதில் ஒட்டுகின்றன. ‘தாழ்ச்சியடையேன்’ என்று நாம் வேறு எங்கே சொல்கிறோம்?

இரண்டாம் படி: முதலில் முழு அதிகாரத்தையும் வாசியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையில், நல்ல எதிர்காலம் தருவேன் என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11 அடிக்கடி வரும். அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அதை அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை. மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் பிசாசு சோதிக்கும்போது இயேசு மூன்று முறையும் பழைய ஏற்பாட்டின் உபாகமத்திலிருந்தே பதில் சொல்கிறார், எந்தச் சுருளையும் விரிக்காமல். அதே இடத்தில் பிசாசும் சங்கீதம் 91-ஐ ஒப்பிக்கிறான்! வசனம் வாயில் இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சங்கீதம் 23-ஐ முழுதாக வாசித்தால் இன்னொன்றும் கண்ணில் படும். முதல் மூன்று வசனத்தில் ‘அவர்’ என்று தேவனைப் பற்றிப் பேசுகிறவர், நாலாவது வசனத்தில் பள்ளத்தாக்குக்குள் இறங்கியதும் “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்” என்று அவரிடமே பேசத் தொடங்குகிறார். இருட்டு வந்ததும் பேச்சு நேருக்கு நேராகிவிடுகிறது. இதைக் கவனித்த நாளுக்கு அப்புறம் எனக்கு நாலாம் வசனம் மறந்ததே இல்லை.

மூன்றாம் படி: மூடிவைத்துச் சொல்லுங்கள்

ஒரு வசனத்தை மூன்று முறை சத்தமாக வாசியுங்கள். சரி, இப்போது புத்தகத்தை மூடுங்கள். சொல்லுங்கள். தடுமாறும், தடுமாறட்டும். அந்தத் தேடலில்தான் வசனம் பதிகிறது. உடனே திறந்து பார்த்துவிட்டால் உழைப்பு வீண். முடியவே இல்லையென்றால் ஒரு துண்டுத் தாளில் முதலெழுத்துகளை மட்டும் எழுதுங்கள்: க, எ, மே; நா, தா. முதல் வசனம் முழுதும் அதற்குள் இருக்கிறது. மறுநாள் அந்தத் தாளையும் கிழித்துப் போடுங்கள்.

தொடங்கும்போதும் முடிக்கும்போதும் “சங்கீதம் 23:1” என்று எண்ணைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் “எங்கேயோ வருமே” என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்போம்.

நான்காம் படி: ஸ்டேஷனில் வையுங்கள்

நான் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறுகிறவன். அடுத்து வரும் பல்லாவரம் எனக்கு முதல் வசனம். திரிசூலம் இரண்டு, மீனம்பாக்கம் மூன்று, பழவந்தாங்கல் நான்கு, பரங்கிமலை ஐந்து, கிண்டி ஆறு. வண்டி நிற்பதற்குள் அந்த ஸ்டேஷனின் வசனத்தை வாய்க்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்பவனுக்கு வேறு என்ன வேலை? இதில் ஒரு லாபம், “ஐந்தாம் வசனம் என்ன?” என்று யாராவது கேட்டால் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டாம். பரங்கிமலை ஞாபகத்துக்கு வரும், கூடவே “என் சத்துருக்களுக்கு முன்பாக நீர் எனக்கு ஒரு பந்தியை ஆயத்தப்படுத்தி” என்பதும் வரும். ரயிலில் போகாதவர்கள் தெருமுனை, டீக்கடை, பஸ் ஸ்டாப் என்று தினமும் தாண்டுகிற ஆறு இடங்களைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஒரே நாளில் ஆறையும் ஏற்ற வேண்டாம். வாரத்துக்கு ஒரு வசனம் போதும். பழசைத் தினமும் சொல்லிவிட்டுத்தான் புதுசைத் தொட வேண்டும்.

ஐந்தாம் படி: இடைவெளி விட்டுத் திரும்புங்கள்

போட்டி வசனங்கள் எனக்கு ஏன் கரைந்தன என்பதற்கான பதில் இங்கே இருக்கிறது. படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே நழுவுகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதினார். அதனால் ஆறும் வந்த பிறகும் விடாதீர்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வீட்டில் யாரையாவது புத்தகத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது நல்லது. என் மகள் ஒரு ‘உம்’ விட்டாலும் நிறுத்திவிடுவாள்.

ஒன்றரை மாதத்தில் சங்கீதம் 23 கைக்கு வந்துவிடும். அடுத்து சங்கீதம் 1-ஐ எடுங்கள், அதிலும் ஆறு வசனம்தான். ஆனால் அதே ஸ்டேஷன்களில் வைக்காதீர்கள், குழம்பிவிடும். கிண்டிக்கு அடுத்த சைதாப்பேட்டையில் தொடங்கினால் எழும்பூருக்குள் முடிந்துவிடும்.