திரும்பி வந்த வீட்டுச் சாதனங்களை மறுவிற்பனைக்குத் தயார் செய்வது எப்படி?

வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய மைக்ரோவேவ், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் போன்றவை மறுபடியும் விற்பனைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளை, இத்தொழிலுக்குப் புதியவர்களுக்காக வரிசைப்படி எழுதுகிறேன்.

முதலில், பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் சாதனத்தில் ஒட்டியுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். புதியதை எடுத்துக்கொண்டு பழையதைப் பெட்டியில் வைத்து அனுப்புபவர்களும் உண்டு. திருப்பியதற்கான காரணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். வாஷிங் மெஷின் கடுமையாக அதிர்கிறது என்று எழுதியிருந்தால், கொண்டுவரும் வழியில் டிரம் அசையாதிருக்கப் பின்புறம் முடுக்கியிருந்த டிரான்ஸிட் போல்ட்டுகளை யாரும் கழற்றாததே காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது, மின் பாதுகாப்புச் சோதனை. சுவிட்சைப் போட்டுப் பார்க்கத்தான் கை பரபரக்கும். அதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். வயரிலும் பிளக்கிலும் வெட்டோ கருகலோ இல்லை என்று உறுதி செய்த பின், எர்த் இணைப்புள்ள சாதனமானால், பிளக்கின் எர்த் பின்னுக்கும் உலோக உடலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று அளக்க வேண்டும். பிறகு மெக்கரில் (இன்சுலேஷனை, அதாவது மின்கசிவைத் தடுக்கும் காப்பை அளக்கும் கருவி) 500 வோல்ட் டிசி வைத்து, பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் பின்களை ஒன்றாக இணைத்து, எர்த்துக்கு எதிரான இன்சுலேஷன் அளவைப் பாருங்கள். பொதுவாக அது 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. ஹீட்டர் உள்ள சாதனங்கள் ஈரத்தில் கிடந்திருந்தால் அளவு குறைந்து காட்டும் என்பதால், உலரவிட்டு மறுபடி அளந்த பிறகே பழுது என்று முடிவு செய்யலாம். மைக்ரோவேவின் கவரை மட்டும் புதியவர்கள் கழற்றவே கூடாது: பிளக்கைப் பிடுங்கிய பின்பும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

மூன்றாவது, ஓட்டிப் பார்ப்பது. ஃபிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் விட்டு, கம்ப்ரஸர் எண்ணெய் கீழே இறங்கிய பின்பே இயக்க வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிக்கு வருகிறதா என்று மறுநாள் பாருங்கள். வாஷிங் மெஷினில் முழுச் சுற்று ஓட்டி, அடியில் கசிவு பார்த்து, எஞ்சிய நீரை வடித்துவிடுங்கள்.

துடைத்துச் சுத்தம் செய்வது அனைவருக்கும் தெரிந்ததே. வைஃபை உள்ளவற்றில் பழைய உரிமையாளரின் கணக்கை அழிப்பதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

கடைசியாகத் தரம் பிரித்தல். பயன்படுத்தாதது, கீறல் மட்டும் உள்ளது, பழுது பார்த்தது என்று தனித்தனியாக லேபிள் ஒட்டி, கீறல்களைப் படத்திலும் காட்டி, வாரண்டி எத்தனை மாதம் என்பதையும் எழுதுங்கள். பழுதுச் செலவு விற்பனை விலையை நெருங்குமானால், உதிரிபாகங்களுக்காகப் பிரிப்பதே லாபம். ஆனால் ஃபிரிட்ஜில் குளிரூட்டப் பயன்படும் வாயுவை, குறிப்பாக எளிதில் தீப்பற்றும் ஆர்600ஏ வகையை, பயிற்சி பெற்ற டெக்னீஷியன்தான் வெளியேற்ற வேண்டும்.