திருவையாறு: ஆற்றில் தண்ணீர் ஓடும்போது போங்கள்

வெளிநாட்டிலிருந்து தஞ்சாவூர் வரும் நம்மவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுத் திருவையாற்றுக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். அது போதவே போதாது. ஒரு மாலைப்பொழுதையாவது அந்த ஊருக்குக் கொடுங்கள்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். காவிரிக்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள். நீர் இருப்பைப் பொறுத்து தேதி மாறும். ஏப்ரல், மே கோடையில் போனால் பெரும்பாலும் மணல்தான். கோடை விடுமுறைக்கு வரும் ஐரோப்பா, கனடாக்காரர்கள் ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும் ஆடிப்பெருக்கை ஒட்டி வந்தால், புஷ்ய மண்டபப் படித்துறையில் பெண்கள் காவிரிக்குப் படையலிடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். புதுவெள்ளத்தில் மட்டும் இறங்க வேண்டாம். மேல்படியில் நின்று கால் நனைத்தால் போதும்.

சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. தஞ்சாவூரில் தங்குங்கள். அங்கிருந்து 13 கிலோமீட்டர், பேருந்து நிறைய. வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் தாண்டுவீர்கள். பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

ஐயாறப்பர் கோயில் மதியம் நடை சாத்தி நான்கு மணி வாக்கில் திறக்கும். கயிலைக்குப் போக முடியாமல் தளர்ந்த அப்பர், அந்தக் காட்சியை இங்கே கண்டு ‘மாதர்ப் பிறைக்கண்ணி யானை’ பாடினார். அந்தப் பதிகத்தைப் படித்துவிட்டுப் போங்கள். தெரிந்தால் சந்நிதியில் பாடுங்கள். வெளிப்பிராகாரத்தில் ஓரிடத்தில் நின்று ‘ஐயாறா’ என்று கூப்பிட்டால் குரல் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும். யாரைக் கேட்டாலும் இடத்தைக் காட்டுவார்கள். கோயிலுக்குள்ளேயே இருக்கும் வடகயிலாயம் என்ற சிறு கோயிலைத் தவறவிடாதீர்கள், அது ராஜராஜனின் பட்டத்தரசி உலகமாதேவி எழுப்பியது. பெரிய கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பாதிகூட இங்கே எட்டிப்பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அப்புறம், ஆற்றங்கரையில் கர்நாடக இசை மேதை தியாகராஜரின் சமாதி. கோயிலாக எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவர் நினைவு நாளில் நடக்கும் ஆராதனையில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவதைக் கேட்க வேண்டுமானால், அந்தத் திதியான புஷ்ய பகுள பஞ்சமி எந்தத் தேதியில் வருகிறது எனப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு விமான டிக்கெட் எடுங்கள். பெரும்பாலும் ஜனவரியில் வரும். அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். கூட்டம் ஒத்துவராத பெரியவர்களோடு வந்தால் வேறு நாளே நல்லது.

திரும்பும்போது கடைவீதியில் அசோகா கேளுங்கள். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த அல்வா, சூடாகவே சாப்பிட வேண்டும். ஊருக்கு எடுத்துப்போவதானால் கிளம்பும் நாளுக்கு ஒட்டி வாங்குங்கள், அதிக நாள் தாங்காது.