அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம்: எரர் வராத தவறுகள்

பெங்களூரு அல்சூரில் ஒரு வீட்டின் பெஸ்காம் (மின்வாரியம்) மீட்டர், நான்கு மாதங்களில் காட்டிய ரீடிங் என்று இதை வைத்துக்கொள்வோம்: 1204, 1291, 1370, 1466. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் 87, 79, 96 யூனிட். நான்கு எண்ணுக்கு மூன்று வித்தியாசம்தான். இது தெரிந்தவர்களே, ப்ரோகிராம் எழுதும்போது அவசரத்தில் லூப்பை 0 முதல் கடைசி வரை ஓட்டிவிடுகிறார்கள்; 0-ஆம் எண்ணுக்கு முந்தைய எண்ணே கிடையாது.

ஜாவா என்றால் உடனே எக்ஸெப்ஷன் வீசிக் காட்டிக்கொடுத்துவிடும், புண்ணியமாகப் போகும். பைத்தான் அப்படியில்லை. இன்டெக்ஸ் 0-இல் நின்று முந்தைய எண்ணைக் கேட்டால், -1 என்பதைக் கடைசி எண்ணாக எடுத்துக்கொண்டு 1204-இலிருந்து 1466-ஐக் கழித்து -262 என்று தரும். சோலார் போட்ட வீடு போல என்று நம்பிவிடவும் வாய்ப்புண்டு. லூப்பை 1-இல் தொடங்குங்கள்.

எனக்கு இதைவிடப் பயம் அன்சைன்ட் எண்களிடம், அதாவது மைனஸே வைக்க முடியாத எண்களிடம். மீட்டரை மாற்றிவிட்டார்கள், 1466-க்கு அடுத்த ரீடிங் 12. வித்தியாசம் -1454. ஆனால் சி மொழியில் 32 பிட் அன்சைன்ட் இன்ட்டில் மைனஸுக்கு இடமில்லை. சுற்றிக்கொண்டு போய் 4294965842 என்று நிற்கும். பைத்தானின் கணக்கு லைப்ரரியான நம்பையில் (NumPy) 8 பிட் அன்சைன்ட் படங்களின் பிக்சலைக் கழிக்கும்போதும் இதே கதை: 3-இல் 5 போனால் 254. கழித்த பிறகு டைப்பை மாற்றிப் பயனில்லை, கழிப்பதற்கு முன்பே மைனஸும் வைக்கக்கூடிய, அதைவிடப் பெரிய சைன்ட் டைப்பாக மாற்ற வேண்டும். சி++-இல் வெக்டர் (எண்களின் பட்டியல்) காலியாக இருந்து, அதன் சைஸில் ஒன்றைக் கழித்தாலும் இப்படியே பிரம்மாண்டமான எண் வரும்; லூப் வெக்டரின் எல்லையைத் தாண்டி ஓடும்.

மைனஸ் வருகிறதே என்று, குறியை நீக்கிவிடும் abs ஃபங்ஷனைப் போட்டு மூடுவது இன்னும் மோசம். மீட்டர் மாறியதைச் சொல்ல இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

லைப்ரரி பார்த்துக்கொள்ளும் என்று விடவும் முடியாது. நம்பையின் டிஃப் (வித்தியாசம் எடுக்கும் diff ஃபங்ஷன்) ஒரு எண் குறைவாகத் தரும். பைத்தானின் அட்டவணை லைப்ரரியான பாண்டாஸின் டிஃப் அதே நீளத்தில் தந்து, முதல் இடத்தில் நேன் (NaN, மதிப்பு இல்லை என்ற குறி) வைக்கும். சி++-இன் அட்ஜசென்ட் டிஃபரன்ஸ் முதல் எண்ணை அப்படியே நகலெடுத்து வைக்கும். அதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால் 1204-உம் யூனிட்டாகிவிடும். டிஃபுக்கு 2 என்று கொடுத்தால் வரும் குழப்பம் தனி. பாண்டாஸ் இரண்டு வரிசை தள்ளிக் கழிக்கும்: 166, 175. நம்பை வித்தியாசத்துக்கு வித்தியாசம் எடுக்கும்: -8, 17.

அதே அர்ரேயிலேயே விடையை எழுதுவதாக இருந்தால் கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணை நோக்கி வாருங்கள். முன்னாலிருந்து போனால் அடுத்த கழித்தலுக்கு வேண்டிய எண்ணை நீங்களே அழித்திருப்பீர்கள்.

கடைசியாக டேட்டா. கீழ்வீடு, மேல்வீடு, மொட்டைமாடி அறை என மூன்று மீட்டரின் ரீடிங்கும் ஒரே நெடுவரிசையில் இருந்தால், ஒரு வீட்டின் முதல் ரீடிங்கிலிருந்து இன்னொரு வீட்டின் கடைசி ரீடிங் கழியும். வீடுவாரியாகப் பிரித்து (groupby போட்டு), தேதிப்படி வரிசைப்படுத்திய பிறகே டிஃப். ஒரு மாத ரீடிங் விட்டுப்போயிருந்தால் அடுத்து வருவது இரண்டு மாதக் கணக்கு. தேதிகளுக்கும் ஒரு டிஃப் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் அது அங்கேயே தெரிந்துவிடும்.