அம்ஹாரிக்கில் ‘போகட்டும்’ சொல்ல ஒரு குறுக்கு வழி

எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியைக் கற்பவர்கள் ‘போகட்டும்’, ‘போவோம்’ போன்ற வினைகளுக்குத் தனி அட்டவணை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒருவனை ஏவும் சொல்லின் முன்னால் ஒட்டைச் சேர்த்தால் போதும். ‘ஹித்’ என்றால் போ. யிஹித் என்றால் அவன் போகட்டும், திஹித் அவள் போகட்டும், லிஹித் நான் போகிறேனே, இன்னிஹித் நாம் போவோம்.

ஏவலுக்கும் இந்த வடிவத்துக்கும் அடிச்சொல் ஒன்றே என்பதுதான் காரணம். ‘சொல்’ என்பதற்கு நிகெர், ‘சொல்லட்டும்’ யிங்கெர். முதல் இகரம் உச்சரிப்புக்காக வந்தது, ஒட்டு வந்ததும் விழுந்துவிடும். ‘சொல்வான்’ என்ற யினெக்ராலிலிருந்து தொடங்கினால் குழப்பம்தான், அதன் அடிச்சொல் வேறு. அப்புறம், ‘போகாதே’ என்பதற்கும் ஏவல் கிடையாது, இதே வடிவத்தின் எதிர்மறையான அத்ஹித்தான். பெரியவர்களிடம் ‘போங்கள்’ என்பதற்கு யிஹிது. ‘அவர்கள் போகட்டும்’ என்பதும் அதுவே.

‘வா’வுக்கு மட்டும் இது எடுபடாது: ஏவல் ‘நா’, ‘வரட்டும்’ என்பதோ யிம்தா. ‘தெ’ என்று தொடங்கும் வினைகளில் அந்த எழுத்து மறைந்து அடுத்த மெய் இரட்டிக்கும்: தெகெம்மெத் (உட்கார்), யிக்கெம்மெத் (உட்காரட்டும்).