பத்து சென்டிமீட்டர், ஆனால் எங்கிருந்து? பீட் சதுப்பில் வெப்பநிலை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

சுவீடனின் வடக்கே அபிஸ்கோவை அடுத்த ஸ்டோர்டாலன் ஆகட்டும், அமெரிக்காவின் மின்னசோட்டா ஆகட்டும், குளிர்நாட்டுப் பீட் சதுப்புக்கு முதன்முறை சென்சாரும், அதன் அளவுகளைப் பதிந்துவைக்கும் டேட்டா லாகருமாக வருகிறவர்கள் வருடம் தவறாமல் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். கடிகாரம் வைக்க மறப்பது, மூடியைச் சரியாக மூடாமல் வருவது எல்லாம் ஒருமுறை பட்டால் திருந்திவிடும். தரவில் எந்த அறிகுறியும் காட்டாத தவறுகளைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆழத்தின் பூஜ்ஜியம்

களக்குறிப்பில் "10 செ.மீ." என்று மட்டும் இருக்கும். எதிலிருந்து என்று கேட்டால் "தரையிலிருந்து" என்பார்கள். பாதி மட்கிய பாசியால் ஆன பீட்டுக்கு, உழுத வயலைப் போல ஒரு தரை கிடையாது. ஸ்பேக்னம் பாசித் திட்டு பக்கத்துப் பள்ளத்தைவிட 20 முதல் 50 செ.மீ. உயர்ந்து நிற்கும். திட்டில் 10 செ.மீ. என்றால் காற்றோடும் உலர்ந்த பாசி. பள்ளத்தில் அதே 10 செ.மீ. தண்ணீருக்குள். உலர்ந்த பீட்டின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு சுமார் 0.06 வாட், நீரில் ஊறியதற்கு 0.5 அளவில். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் வரும் எண், சதுப்பில் எந்த இடத்துக்கும் பொருந்தாது.

இதாவது பரவாயில்லை, பூஜ்ஜியமே நகர்ந்துகொண்டிருப்பதுதான் பெரிய தொல்லை. பாசி வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு செ.மீ. வரை வளரும். மழையில் பீட் உப்பும், வறட்சியில் அமுங்கும். உறையும் மண் சென்சாரை மேலே தள்ளும். மின்னசோட்டாவின் ஸ்ப்ரூஸ் பரிசோதனையில் 2014-இல் பீட்டை ஆழம் வரை சூடாக்கத் தொடங்கினார்கள், அதிகபட்சம் 9 டிகிரி கூடுதலாக. அங்கே சூடேறிய அடைப்புகளில் சதுப்பின் மேற்பரப்பே தாழ்ந்தது.

கணக்கைப் பாருங்கள். ஈரப் பீட்டில் பகல்–இரவு ஏற்ற இறக்கம் ஒவ்வொரு 6 செ.மீ. ஆழத்துக்கும் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமான அளவுக்குச் சுருங்கும். சென்சார்மேல் 3 செ.மீ. பாசி கூடினாலே ஏற்ற இறக்கம் சுமார் 40 சதவீதம் குறைந்துவிடும். நாலைந்து வருடத் தரவை எடுத்துக்கொண்டு, நீர்மட்டம் மாறியதால் மண் நிதானமாகிவிட்டது என்று வரைபடத்தோடு விளக்க ஒருவர் வருவார். பாசியைக் கையால் விலக்கி அடிக்கோலை வைத்துப் பார்த்தாரா என்றால் இல்லை. மேற்பரப்பு உயரத்தை இடையில் யாரும் குறிக்கவில்லையென்றால், அந்தத் தரவை எந்தத் திருத்தமும் காப்பாற்றாது. அத்தனை வருட உழைப்பும் வீண். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பீட்டைத் துளைத்து அடியிலுள்ள களிமண்ணிலோ மணலிலோ உறுதியாக நிற்கும்படி ஒரு கம்பியை இறக்குங்கள். நிரந்தர உறைமண் உள்ள இடத்தில், கோடையில் உருகும் அடுக்கைத் தாண்டி நன்றாகக் கீழே போக வேண்டும்; உருகும் பகுதியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை மாட்டினால் பனி கம்பியைப் பற்றித் தூக்காது. சென்சார்களை அதில் கட்டாதீர்கள், ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். பாசி மெத்தென்று இருப்பதால் கோலின் முனை உள்ளே இறங்கிவிடும். உள்ளங்கை அகல லேசான பிளாஸ்டிக் வட்டைப் பாசிமேல் அழுத்தாமல் வைத்து, கம்பியின் உச்சியிலிருந்து வட்டு வரை அளந்தெழுதுங்கள். நீர்மட்டத்தையும் அதே உச்சியிலிருந்தே எடுங்கள். ஒவ்வொரு வருகையிலும். சென்சார்களின் உயரத்தைப் புதைக்கும்போது ஒருமுறை, எடுக்கும்போது ஒருமுறை.

பூஜ்ஜியம் டிகிரியில் நேர்கோடு

இலையுதிர்காலத்தில் சென்சார் வாரக்கணக்கில் 0 டிகிரியில் அசையாமல் நிற்கும். பழுதில்லை. ஒரு கிலோ நீர் உறைய 334 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும்; அதுவரை வெப்பநிலை இறங்காது. நீர் ஊறிய பீட்டில் கன அளவில் பெரும்பகுதி தண்ணீர்தான். "24 மணி நேரம் மாறாத மதிப்பை நீக்கு" என்று நிரலில் எழுதியவர்கள் அந்தப் பருவத்தையே மொத்தமாகத் தூக்கி எறிகிறார்கள்.

இங்கே அரை டிகிரி பிழையும் பெரிது. மலிவான டிஎஸ்18பி20 சென்சாரின் உத்தரவாதமே ±0.5 டிகிரிதான். ஃபிளாஸ்க் நிறையக் காய்ச்சி வடித்த நீரின் பனிக்கட்டியை நொறுக்கிப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் அதே நீரை ஊற்றி, அரை மணி நேரம் சென்சாரை வைத்து, வாசிப்பைச் சென்சார் எண்ணோடு குறியுங்கள்; 0-இலிருந்து அது விலகும் அளவுதான் திருத்தம். தண்ணீர் அதிகமானால் பனி மிதக்கும். அடியில் 4 டிகிரி வரையுள்ள நீர் தங்கி, திருத்தமே தவறாகிவிடும்.

காற்றை வைத்து மண்ணைச் சொல்வது

வெளியே மைனஸ் 30 இருந்தாலும் தடித்த பனிக்கடியில் மண் மைனஸ் 1, 2 அளவில் நிற்கலாம். ஸ்டோர்டாலனில் உறைமண் மேடுகளின் பனியைக் காற்று வாரிக்கொண்டு போவதால், மேடு ஆழமாகக் குளிர்கிறது. சில அடி தள்ளியுள்ள பள்ளம் அப்படிக் குளிர்வதில்லை. குளிர்காலத்தில் சென்சார்மேல் நடந்து பனியை அமுக்கினால் நீங்களே மண்ணைக் குளிர்விக்கிறீர்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் வருடச் சுழற்சி காற்றைவிட ஏறக்குறைய 50 நாள் பிந்தி வரும். ஜூலைக் காற்றோடு ஜூலை மண்ணை ஒப்பிடாதீர்கள்.

உலோகக் குழாய்

சென்சாரை இறக்க உலோகக் குழாய் வேண்டாம். மேற்பரப்பின் வெப்பத்தை நேரே கீழே கொண்டுபோகும்.

பேட்டரி

லித்தியம்.

லெம்மிங்

எலி போன்ற இந்தச் சிறு பிராணி கேபிளைக் கடிக்கும். வெளியே தெரியும் ஒவ்வொரு அங்குலமும் குழாய்க்குள் போகட்டும்.